ஒரு மெமரி சிப்புக்கு எத்தனை முகவரி? டிரைவரிடம் நாம் சொல்ல வேண்டியவை

"அட்ரஸ் 50-ன்னு சரியாத்தான் குடுத்திருக்கேன். டிரைவர் லோட் ஆகுது, எரர் ஒண்ணும் இல்ல. ஆனா படிச்சா குப்பையா வருது." சின்ன மெமரி சிப் ஒன்றை லினக்ஸ் இயங்குதளம் ஓடும் போர்டில் இணைத்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள்: கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) மாற்று, வயரைச் சுருக்கு, சிப் டூப்ளிகேட்டாக இருக்கும். அபூர்வமாக அதில் ஒன்று பலிக்கவும் செய்யும். ஆனால் கோளாறு பெரும்பாலும் டிரைவரிடம், அதாவது சிப்போடு பேசும் மென்பொருளிடம், சொல்லப்படாமல் விட்ட ஒரு தகவலில்தான் இருக்கிறது.

பலரும் நினைப்பது இப்படி: சிப்பைச் செருகினால் டிரைவர் அதைக் கண்டுபிடிக்கும், அளவைத் தெரிந்துகொள்ளும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். யுஎஸ்பி பென் டிரைவ் அப்படித்தான் நடந்துகொள்கிறது, அந்தப் பழக்கம் நமக்கு. இந்தச் சின்ன சிப்களிடம் அந்த எதிர்பார்ப்பு செல்லாது. "நான் யார், எனக்குள் எவ்வளவு இடம்" என்று சொல்லும் வசதியே அவற்றில் கிடையாது. டிரைவர் நாம் சொன்னதை அப்படியே நம்புகிறது. நாம் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பையும் நம்பும்.

எந்தச் சிப்பைப் பற்றிப் பேசுகிறோம்

மின்சாரம் போனாலும் தரவு அழியாமல், பைட் பைட்டாகத் திருத்தி எழுதக்கூடிய சிறிய மெமரிக்கு ஈஈப்ராம் என்று பெயர். அதில் மிகப் பரவலானது 24சி வரிசை. 24சி02, 24சி16, 24சி32, 24சி256 என்று எட்டுக் கால் சிப்களாகக் கடையில் கிடைக்கும். உங்கள் மேசைக் கணினியின் டிடிஆர்3 ரேம் பட்டையிலும் இதே இனத்துச் சிப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த ரேம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற குறிப்பு அதில்தான் உள்ளது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை மேல் பொருத்தும் துணைப் பலகைகளிலும், டிஎஸ்3231 கடிகாரச் சிப் வைத்த மலிவு மாட்யூல்களிலும் இதைப் பார்க்கலாம்.

பெயரில் உள்ள எண் கிலோபிட் கணக்கு, பைட் கணக்கல்ல. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 24சி02 என்றால் 2 கிலோபிட், அதாவது 256 பைட். 24சி32 என்றால் 4,096 பைட். 24சி256-ல் இருப்பது 32 கேபி. 256 கேபி என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு.

தெரு, வீடு, அறை

இந்தச் சிப்கள் இரண்டே கம்பியில் பேசுகின்றன. ஒன்றில் தரவு போகும், மற்றொன்றில் கடிகாரத் துடிப்பு. அதே இரண்டு கம்பியில் இன்னும் பல சிப்களைத் தொங்கவிடலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1982-ல் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் பெயர் ஐ2சி. இப்படிப் பல சிப்கள் பகிர்ந்துகொள்ளும் கம்பித்தொகுப்பை பஸ் என்கிறோம்.

பஸ்ஸை ஒரு தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு பைட். தபால் சேர வேண்டுமானால் வீட்டு எண் வேண்டும், அறை எண்ணும் வேண்டும். நம் ஆட்கள் "அட்ரஸ் 50" என்று சொல்வது வீட்டு எண்ணை மட்டும்தான். அறை எண்ணை எப்படி எழுத வேண்டும் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது.

முதலில் வீட்டு எண். ஐ2சி-யில் வீட்டு எண்ணுக்கு 7 பிட். அதனால் 0 முதல் 127 வரை 128 எண்கள். அவற்றில் 16 எண்களைத் தனிக் காரியங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மிஞ்சுவது 112. இந்த எண்களைப் பதினாறின் அடிப்படையில் எழுதுவதே வழக்கம், அதற்கு ஹெக்ஸ் என்று பெயர். ஹெக்ஸ் 50 என்றால் நம் சாதாரணக் கணக்கில் 80.

24சி சிப்பின் வீட்டு எண்ணில் முதல் நான்கு பிட்கள் 1010 என்று தொழிற்சாலையிலேயே பதிந்துவிட்டவை. கடைசி மூன்று பிட்களை நாம் தீர்மானிக்கலாம். சிப்பில் ஏ0, ஏ1, ஏ2 என்று மூன்று கால்கள் இருக்கின்றன. மூன்றையும் கிரவுண்டில் கட்டினால் ஹெக்ஸ் 50, மூன்றையும் மின்னழுத்தத்தோடு கட்டினால் ஹெக்ஸ் 57. ஆக எட்டு வீடுகள். டிஎஸ்3231 மாட்யூல்களில் கூடவே வரும் 24சி32 பெரும்பாலும் 57-ல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பலகையில் மூன்று கால்களும் மின்னழுத்தத்தின் பக்கம் இழுக்கப்பட்டிருக்கும். "நெட்டில் 50 என்று போட்டிருந்தார்கள், வரவில்லை" என்பவர்கள் 57-ஐ ஒருமுறை முயன்று பார்க்கலாம். ரேம் பட்டைகளிலும் இதே உத்தி. மூன்று கால்களின் நிலையை மதர்போர்டின் ஸ்லாட்தான் தீர்மானிக்கிறது. ஒரே மாதிரியான நான்கு பட்டைகளைச் செருகினாலும் நான்கும் வெவ்வேறு எண்ணில் பதில் சொல்வது அதனால்தான்.

இங்கே ஒரு பழைய குழப்பம். சில டேட்டாஷீட்களும் (தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்பக் குறிப்பேடுகளும்) சில பழைய நிரல்களும் இதே சிப்பை ஹெக்ஸ் ஏ0 என்று குறிக்கும். ஹெக்ஸில் பத்தை ஏ என்று எழுதுவார்கள்; இது ஓர் எண், ஏ0 என்ற கால் அல்ல. சென்னையில் கதவில் "புதிய எண், பழைய எண்" என்று இரண்டும் எழுதியிருப்பார்களே, அதே கதைதான். வீடு ஒன்று, எண் இரண்டு. கம்பியில் போகும் முதல் பைட்டில் 7 பிட் வீட்டு எண்ணும், கடைசியாகப் படிக்கவா எழுதவா என்று சொல்லும் ஒரு பிட்டும் இருக்கும். அந்தப் பிட்டையும் சேர்த்து எட்டாக எழுதினால் 50 இரண்டு மடங்காகி ஏ0 ஆகிறது, படிக்கும்போது ஏ1. லினக்ஸ் எப்போதும் 7 பிட் எண்ணைத்தான் கேட்கும். ஏ0 என்று கொடுத்தால் "இது செல்லாத 7 பிட் முகவரி" என்று கெர்னல் லாகில் (கெர்னலின் செய்திப் பதிவில்) எழுதிவிட்டு நிராகரித்துவிடும். நல்லவேளையாக, சத்தம் போட்டுத் தோற்கும் தவறு இது. இனி பார்க்கப்போகும் தவறுகள் சத்தமே போடாதவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வீட்டு எண் 7 பிட். 24சி சிப்களுக்கு அது ஹெக்ஸ் 50 முதல் 57 வரை, எது என்பதை மூன்று கால்கள் தீர்மானிக்கும். முகவரி ஹெக்ஸ் ஏ0 என்று எங்காவது கண்டால் பாதியாக்கி 50 என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

அறை எண்ணை எழுத எத்தனை பைட்?

24சி02-ல் 256 அறைகள். 0 முதல் 255 வரையிலான எண்ணை ஒரே பைட்டில் எழுதிவிடலாம். எனவே வீட்டு எண்ணுக்குப் பிறகு அறை எண்ணாக ஒரு பைட் அனுப்பினால் போதும்.

24சி32-ல் 4,096 அறைகள். ஒரு பைட்டில் அடங்காது, இரண்டு பைட் வேண்டும். இந்தச் சிப்புகளில் முதலில் பெரிய பைட், பிறகு சிறிய பைட் போகும். அறை எண்ணுக்கு எத்தனை பிட் ஒதுக்குகிறோம் என்பதை முகவரி அகலம் என்போம். 24சி02-க்கு அகலம் 8 பிட், 24சி32-க்கு 16 பிட்.

நடுவில் இருக்கும் 24சி04, 24சி08, 24சி16 மூன்றும்தான் விசித்திரமானவை. அவற்றில் முறையே 512, 1,024, 2,048 அறைகள். ஒரு பைட்டுக்கு மேல் வேண்டும், ஆனால் முழுதாக இரண்டாவது பைட்டைச் செலவழிக்க வடிவமைப்பாளர்களுக்கு மனம் வரவில்லை. கூடுதலாகத் தேவைப்பட்ட பிட்களை வீட்டு எண்ணிலிருந்தே கடன் வாங்கிவிட்டார்கள். அதனால் 24சி04 என்ற ஒரே வீட்டுக்கு 50, 51 என இரண்டு கதவெண். 24சி16-க்கு 50 முதல் 57 வரை எட்டுக் கதவெண்ணும் சொந்தம், தெரு முழுக்க ஒரே பங்களா. அதில் ஏ0, ஏ1, ஏ2 கால்கள் இருந்தாலும் பெரும்பாலான தயாரிப்புகளில் அவை உள்ளே எதனோடும் இணைக்கப்படுவதில்லை.

ஓர் அறையை எடுத்துப் பார்ப்போம். 300-ஆவது அறையைப் படிக்க வேண்டும். 300 என்பது 256-உம் 44-உம் சேர்ந்தது. 24சி04-ல் டிரைவர் 51-ஆம் கதவைத் தட்டி, "44" என்று ஒரே பைட் அனுப்பும். 24சி32-ல் 50-ஆம் கதவைத் தட்டி, "1, 44" என்று இரண்டு பைட் அனுப்பும். அறை எண் ஒன்றுதான், ஆனால் கம்பியில் போவது முற்றிலும் வேறு.

24சி16-ஐ லினக்ஸில் இணைக்கும்போது நாம் 50 என்று மட்டும்தான் குறிப்பிடுவோம். மிச்சம் ஏழு எண்களையும் டிரைவரே தன் பெயரில் பிடித்துவைத்துக்கொள்ளும். அதே பஸ்ஸில் முன்னால் சொன்ன கடிகார மாட்யூலைச் செருகினால் 57-க்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள். இரண்டில் ஒன்று வேலை செய்யாது, அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லித் தரவைக் குழப்பும்.

டிரைவருக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது

லினக்ஸில் இந்தச் சிப்களைக் கவனிக்கும் டிரைவரின் பெயர் ஏடி24. ஏஆர்எம் வகைப் பிராசஸர் வைத்த போர்டுகளில் "எந்தப் பஸ்ஸில், எந்த எண்ணில், என்ன சிப்" என்ற பட்டியலை ஒரு தனிக் கோப்பில் எழுதிவைப்பார்கள். பூட் ஆகும்போது கெர்னல் வாசிக்கும் அந்த வன்பொருள் பட்டியலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர்.

அதில் நம் சிப்புக்கான பகுதி நாலைந்து வரிதான். "கம்பேட்டிபிள்" என்ற வரியில் சிப்பின் வகை, எடுத்துக்காட்டாக அட்மெல் நிறுவனத்தின் 24சி32. "ரெக்" என்ற வரியில் வீட்டு எண். "பேஜ்சைஸ்" என்ற வரியில் ஒரே மூச்சில் எத்தனை பைட் எழுதலாம் என்ற எண்ணிக்கை. தேவைப்பட்டால் "சைஸ்", "அட்ரஸ்-விட்த்" என்று அளவையும் அகலத்தையும் தனியாகச் சொல்லலாம். எழுத விடக்கூடாது என்றால் "ரீட்-ஒன்லி".

வகையின் பெயரை வைத்துத்தான் டிரைவர் அளவையும் அகலத்தையும் தன் உள் அட்டவணையிலிருந்து எடுக்கிறது. சிப்பைக் கேட்டு அல்ல. லோட் ஆனதும் கெர்னல் லாகில் "4096 பைட் 24சி32 ஈஈப்ராம், எழுதத்தக்கது, 32 பைட்/ரைட்" என்ற பொருளில் ஒரு வரி வரும். அதைப் பார்த்துவிட்டு "பாருங்கள், சரியாகக் கண்டுபிடித்துவிட்டது" என்று நிம்மதியடைபவர்கள் ஏராளம். அந்த வரியில் எதுவுமே அளந்து பெற்றதல்ல. நாம் கொடுத்த தகவல் நமக்கே திரும்பி வருகிறது. எனக்குக் கேட்டால், இந்தத் துறையில் இத்தனை பேரை ஏமாற்றிய ஒற்றை வரி வேறில்லை என்பேன்.

டிரைவர் ஒரே ஒரு சோதனை செய்கிறது. ஒரு பைட்டைப் படித்துப் பார்க்கிறது. அந்தக் கதவில் யாராவது பதில் சொன்னால் சரி, இல்லையென்றால் சாதனம் இல்லை என்று விலகிக்கொள்ளும். முதல் பைட்டில் எந்த மதிப்பு இருந்தாலும் சோதனை பாஸ்தான். அகலம் தப்பாக இருந்தாலும் பாஸ்தான்.

அகலத்தைத் தப்பாகச் சொன்னால்

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உண்மையான சேதம் இங்குதான் நடக்கிறது.

சிப் 24சி32, ஆனால் நாம் 24சி02 என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-ஆவது அறையில் 65 என்ற மதிப்பை எழுதச் சொல்கிறோம். டிரைவர் "5, 65" என்று அனுப்புகிறது. அதன் கணக்கில் முதலாவது அறை எண், இரண்டாவது தரவு. சிப்போ இரண்டு பைட் அறை எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. 5-ஐயும் 65-ஐயும் சேர்த்து 1,345-ஆவது அறை என்று புரிந்துகொள்கிறது. அதற்குப் பிறகு தரவு எதுவும் வரவில்லை. எனவே சிப் எதையும் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு பைட்டையும் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு பிட்டைத் திருப்பி அனுப்பியது. இந்தப் பெறுகைப் பிட்டை ஏசிகே என்பார்கள். டிரைவர் பார்ப்பது அதைத்தான். எல்லாவற்றுக்கும் ஏசிகே வந்துவிட்டது, எனவே வேலை வெற்றி. எரர் எங்கிருந்து வரும்?

எழுதியது மூன்று பைட்டாக இருந்தால், 65, 66, 67 என்றால், நிலைமை இன்னும் மோசம். 65 அறை எண்ணில் கரைந்துபோகும், 66-உம் 67-உம் 1,345-லும் 1,346-லும் போய் உட்காரும். அங்கே முன்பிருந்தது என்னவோ அது போயிற்று.

இப்போது எதிர்ப்பக்கம். சிப் 24சி02, நாம் சொன்னது 24சி32. 300-ஆவது அறையைப் படிக்க டிரைவர் "1, 44" என்று அனுப்புகிறது. சிப்புக்கு ஒரு பைட் அறை எண் போதும். எனவே அது "1-ஆவது அறையில் 44 என்று எழுத வேண்டும் போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறது. படிக்கத்தானே போனோம்? இந்தச் சிப்களில் ஒரு தரவைப் படிக்க வேண்டுமானால் முதலில் எழுதுவது போலத் தொடங்கி அறை எண்ணை அனுப்ப வேண்டும், பிறகு திசையை மாற்றிப் படிக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் மறுதொடக்கக் குறி (பேச்சை முடிக்காமலே மீண்டும் தொடங்கும் அடையாளம்) போனால் பெரும்பாலும் தப்பித்தோம், 44 மறக்கப்படும். அங்கே பேச்சு முடிந்தது என்று காட்டும் முடிவுக் குறி ஒன்று இடையில் வந்துவிட்டால் சிப் 44-ஐ நிரந்தரமாகப் பதித்துவிடும். படிக்கப் போய் அழித்துவிட்டு வருவது இப்படித்தான்.

"ரீட்-ஒன்லி" போட்டுவிட்டேன், பயமில்லை என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த வரி மென்பொருளிடமிருந்து வரும் எழுது கோரிக்கையை மட்டுமே தடுக்கும். படிக்கும் வேலைக்கு நடுவே கம்பியில் போகும் தவறான பைட்டை அது தடுக்காது. லினக்ஸ் கெர்னலை கட்டமைக்கும்போது ஏடி24-க்கான உதவிக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை கிண்டலோடு இருக்கிறது: தரவு தொலைந்துபோகும் புதிர்களில் ஆசையிருந்தாலொழிய, 24சி16-உம் அதற்குச் சிறியதையும் 24சி32-உம் அதற்குப் பெரியதையும் ஒன்றையொன்று மாற்றிக் குறிக்காதீர்கள், ரீட்-ஒன்லி ஆக்குவதும் காப்பாற்றாது என்ற பொருளில். உண்மையான பூட்டு வேண்டுமென்றால் சிப்பிலேயே டபிள்யூபி என்ற கால் இருக்கிறது. அதை மின்னழுத்தத்தோடு கட்டினால் பெரும்பாலான சிப்களில் உள்ளே எதுவும் பதியாது.

ராஸ்பெரி பை காரர்கள் இந்தச் சிக்கலை வேரிலேயே வெட்டினார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்ட ஹேட் என்ற துணைப் பலகை விதிமுறையில், அடையாள ஈஈப்ராம் 16 பிட் அகலம் கொண்டதாகவே இருக்க வேண்டும், 8 பிட் வகை கூடாது, வீட்டு எண்ணிலிருந்து பிட் கடன் வாங்கும் வகையும் கூடாது என்று எழுதிவைத்தார்கள். வீட்டு எண் 50 என்றும் நிலைநிறுத்திவிட்டார்கள். யாரோ செய்த பலகையில் என்ன சிப் இருக்கிறது என்று கேட்டறிய வழியில்லாதபோது, எல்லோரும் ஒரே வகையைத்தான் வைக்க வேண்டும் என்பது நல்ல முடிவு.

சுருக்கமாக: வீட்டு எண் தப்பானால் பதிலே வராது, உடனே தெரிந்துவிடும். அகலம் தப்பானால் பதில் வரும், ஏசிகே வரும், தரவு மட்டும் வேறெங்கோ போகும்.

பக்க அளவு என்ற மூன்றாவது எண்

ஈஈப்ராமுக்குள் ஒரு பைட்டைப் பதிக்க அதிகபட்சம் 5 மில்லிவினாடி வரை ஆகும். அந்த நேரத்தில் சிப் கதவைத் திறக்காது, ஏசிகே தராது. டிரைவர் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துக் காத்திருக்கும். பைட்டுக்கு 5 மில்லிவினாடி என்றால் 24சி32-ஐ நிரப்ப 20 வினாடிக்கு மேல். அதனால் பல பைட்களைச் சேர்த்து வாங்கி ஒரே தடவையில் பதிக்கும் வசதியைச் சிப்பில் வைத்தார்கள். அப்படி ஒரே தடவையில் பதியக்கூடிய தொகுதிக்குப் பக்கம் என்று பெயர். 24சி32-ன் பக்கம் 32 பைட். 128 பக்கங்கள், மொத்தம் ஒரு வினாடிகூட ஆகாது.

பக்கத்துக்கு எல்லை உண்டு. 24சி256-ன் பக்கம் 64 பைட். 60-ஆவது அறையில் தொடங்கி 10 பைட்டை ஒரே மூச்சில் அனுப்பினால் முதல் நான்கும் 60 முதல் 63 வரை போகும். மிச்சம் ஆறும் 64-க்குப் போகாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி 0 முதல் 5 வரை இருந்ததை அழித்துக்கொண்டு உட்காரும். ஏடி24 இந்த எல்லையை அறிந்து, 63-ல் நிறுத்தி, 64-லிருந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் எல்லை எங்கே என்பதை நாம் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி. ஒரே 24சி02 என்ற பெயரில் அட்மெல் சிப்பின் பக்கம் 8 பைட், எஸ்டி நிறுவனத்தின் சிப்பில் 16 பைட். போர்டு தயாரிப்பின் நடுவே ஒன்று தீர்ந்துபோய் மற்றதை வாங்கி ஒட்டினால், வெளிப்பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. 16 என்று டிவைஸ் ட்ரீயில் எழுதியிருந்தால், 8 பைட் சிப்பில் பின்பாதி வந்து முன்பாதியை அழிக்கும். பக்க அளவைச் சொல்லாமலே விட்டால் ஏடி24 ஒவ்வொரு பைட்டாக எழுதும். ஆமை வேகம்தான், ஆனால் பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் சிறிய எண்ணையே எழுதுங்கள். சிறிய எண்ணால் நேரம்தான் போகும்.

கதவைத் தட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து

பஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லா எண்களையும் தட்டிப் பார்க்க ஐ2சி-டிடெக்ட் என்ற சின்ன நிரல் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் முதலில் ஓட்டுவதும் அதைத்தான். சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் 24ஆர்எஃப்08 என்ற அட்மெல் சிப் இருந்தது. தரவே இல்லாமல் வெறுமனே தட்டிவிட்டு ஓடும் "குயிக் ரைட்" முறையால் அந்தச் சிப்பின் உள்ளடக்கம் கெட்டுப்போனது, வன்பொருள் உணரிகளைத் தேடும் நிரல் ஒன்றை ஓட்டியதே காரணம். அன்றிலிருந்து ஐ2சி-டிடெக்ட் ஹெக்ஸ் 30 முதல் 37 வரையும் 50 முதல் 5எஃப் வரையும் மட்டும் ஒரு பைட்டைப் படித்துப் பார்க்கும் முறைக்கு மாறிக்கொள்கிறது. அந்த வழக்கத்தை மாற்றும் தெரிவுகளைத் தெரியாமல் தொடாதீர்கள், குறிப்பாக ரேம் பட்டை இருக்கும் பஸ்ஸில்.

சரிபார்ப்பது எப்படி

முதல் வழி, சிப்பின் முதுகில் உள்ள எழுத்தை உருப்பெருக்கியில் வாசிப்பது. சிரிக்க வேண்டாம், இதைவிட நம்பகமானது வேறில்லை. பிறகு அந்தத் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் முகவரி பற்றிய பக்கத்தைத் திறந்து, அகலம், பக்க அளவு, வீட்டு எண்ணிலிருந்து பிட் கடன் வாங்குகிறதா என்ற மூன்றையும் பாருங்கள்.

எழுத்து அழிந்திருந்தால் தரவே துப்புக் கொடுக்கும். முழு உள்ளடக்கத்தையும் படித்து ஹெக்ஸ் வடிவில் விரித்துப் பாருங்கள். 24சி32-ஐ 24சி64 என்று சொல்லியிருந்தால், முதல் 4,096 பைட் அப்படியே இரண்டாம் முறையும் வரும். சிப் மேல்பிட்டைக் கண்டுகொள்வதில்லை, 5,000-ஆவது அறையைக் கேட்டால் 904-ஐக் கொடுக்கும். தெரிந்த தொடக்கம் கொண்ட சிப் என்றால் இன்னும் எளிது. பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையின் அடையாள ஈஈப்ராம் ஏஏ, 55, 33, ஈஈ என்ற நான்கு பைட்டில் தொடங்க வேண்டும். அவை முதல் இடத்தில் இல்லாமல் நகர்ந்திருந்தாலோ, படிக்கும்தோறும் மாறினாலோ, அகலத்தைச் சந்தேகியுங்கள். எழுதிப் பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அதுவும் பிரதி எடுத்த பிறகு.

பெரிய சிப்களில் இதே கதை, வேறு எல்லை

ரவுட்டர்களிலும் பல போர்டுகளிலும் இயங்குதளமே குடியிருக்கும் மெமரிக்கு எஸ்பிஐ நார் ஃபிளாஷ் என்று பெயர். எஸ்பிஐ வேறொரு வகைப் பஸ். அதில் சிப்பைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கம்பி இருப்பதால் வீட்டு எண் பிரச்சினையே இல்லை. கேட்டால் தன் அடையாள எண்ணைச் சொல்லும் கட்டளையும் உண்டு. இந்த வகையில் அது ஈஈப்ராமைவிடப் பேச்சுக்கார சிப்.

ஆனால் அறை எண் பிரச்சினை அங்கும் வந்தது. பல காலமாக அறை எண்ணுக்கு மூன்று பைட்தான். மூன்று பைட்டில் அடங்குவது 1,67,77,216 அறைகள், அதாவது சரியாக 16 எம்பி. 32 எம்பி ஃபிளாஷ் வந்தபோது நான்காவது பைட் தேவைப்பட்டது. சில சிப்களில் நான்கு பைட்டுக்கென்றே தனிக் கட்டளைகள் தந்தார்கள். வேறு சிலவற்றில் "இனிமேல் நான்கு பைட்டாக அனுப்புவேன்" என்று ஒருமுறை சொல்லி சிப்பின் நிலையையே மாற்ற வேண்டும்.

இந்த இரண்டாவது முறையில்தான் வம்பு. லினக்ஸ் சிப்பை நான்கு பைட் நிலைக்கு மாற்றிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. போர்டு ரீபூட் ஆகிறது. மின்சாரம் துண்டிக்கப்படவில்லை, எனவே சிப் நான்கு பைட் நிலையிலேயே நிற்கிறது. பிராசஸருக்குள் பதிந்திருக்கும் பூட் நிரலுக்கு மூன்று பைட்தான் தெரியும். அது மூன்று அனுப்பிவிட்டுப் பதிலுக்கு நிற்க, சிப் நான்காவதுக்கு நிற்க, போர்டு உறைந்துபோகும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும். அதனாலேயே "சூட்டினால் ஹேங் ஆகிறது", "அடாப்டர் மோசம்" என்று வேறு பழிகள் கிளம்பும்.

லினக்ஸின் ஃபிளாஷ் டிரைவர் முறையாக ரீபூட் ஆகும்போது சிப்பை மூன்று பைட் நிலைக்குத் திருப்பிவிட்டுப் போகும். தனிக் கட்டளைகள் உள்ள சிப் என்றால் நிலையை மாற்றாமல் அவற்றையே பயன்படுத்தும். கெர்னல் சிக்கிக்கொண்டு, அதைக் காவல் காக்கும் வாட்ச்டாக் டைமர் திடீரென்று ரீசெட் அடிக்கும்போது மட்டும் திருப்பிவிட அவகாசம் இருக்காது. இப்படிப்பட்ட போர்டு இது என்று முன்கூட்டியே சொல்ல டிவைஸ் ட்ரீயில் "ப்ரோக்கன்-ஃபிளாஷ்-ரீசெட்" என்றொரு வரியே இருக்கிறது. அது எச்சரிக்கைதான், மருந்தல்ல. போர்டை வடிவமைக்கும்போதே பிராசஸரின் ரீசெட் கம்பியை ஃபிளாஷின் ரீசெட் காலுக்கும் இழுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை எழுவதில்லை. சில சிப்களில் அந்தக் காலே இல்லை, அதனால் வாங்கும் முன் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.